புதுப் பம்ப் மாட்டியும் ஸ்டீயரிங் கனக்கிறது: பழைய லாரியில் எங்கே தேடுவது?

கேள்வியின் சாரம் இது: பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய லாரி. நின்ற இடத்தில் ஒடித்தால் ஸ்டீயரிங் கனக்கிறது. வண்டி சூடேறினால் இன்னும் மோசம். ஸ்டீயரிங்குக்கு ஆயில் அழுத்தம் தரும் பம்ப் முனகுகிறதென்று புதுப் பம்ப் மாட்டியாயிற்று, சில வாரங்களிலேயே அதுவும் முனகத் தொடங்கிவிட்டது. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கில் ஆட்டமும் (சிறிது திருப்பியும் சக்கரம் அசையாத தளர்வு) இருக்கிறது. ஒரு மெக்கானிக் மறுபடி பம்ப்பை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்டீயரிங் பாக்ஸை (ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களைத் திருப்பும் அசைவாக மாற்றும் பெட்டி) கழற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். கனம், முனகல், ஆட்டம் என்று மூன்று புகார்கள் வைத்திருக்கிறீர்கள். புது வண்டியாக இருந்தால் மூன்றுக்கும் ஒரே காரணத்தைத் தேடலாம். வயதான லாரியில் பெரும்பாலும் மூன்றும் மூன்று தனித்தனிக் கோளாறுகள். ஒன்றின் சத்தத்தில் மற்றொன்று மறைந்திருக்கும். பவர் ஸ்டீயரிங் என்றதும் எல்லோர் கையும் பம்ப்பை நோக்கிப் போவதற்குக் காரணம், சத்தம் அங்கிருந்து வருகிறது என்பதுதான். சத்தம் போடும் இடம் வேறு, பழுதான இடம் வேறாக இருப்பது இந்த அமைப்பில் சர்வசாதாரணம்.

எந்தச் சாமானும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கனம் ஆயில் அழுத்தம் போதாததால் வருகிறதா, அல்லது இரும்பு இரும்போடு இறுகியதால் வருகிறதா? முன் சக்கரம் இடவலமாகத் திரும்பும் அச்சாணியான கிங் பின் துருப்பிடித்து இறுகியிருந்தால் உலகத்திலேயே சிறந்த பம்ப்பை மாட்டினாலும் ஸ்டீயரிங் கனக்கத்தான் செய்யும். அதோடு, அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளிப் புதுப் பம்ப்பும் சீக்கிரம் சூடேறித் தேயும்.

இதைச் சோதிக்க அளவுக் கருவி எதுவும் வேண்டாம். முதலில் முன் டயர்களில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதிக் காற்றில் ஓடும் டயரை எந்தப் பவர் ஸ்டீயரிங்காலும் லேசாக ஒடிக்க முடியாது. பிறகு பின் சக்கரங்களுக்குத் தடைக்கட்டை போட்டு, முன் அச்சை ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டு மேல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் போகவே கூடாது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை கையால் சுற்றுங்கள். சற்றே கனமாக இருந்தாலும் இரு பக்கமும் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் பிடித்து விட்டால், அல்லது ஒரு பக்கம் மட்டும் இறுகினால், கோளாறு இரும்பில் இருக்கிறது.

எந்த இரும்பு என்று கண்டுபிடிக்க, ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் பிட்மன் ஆர்ம் என்ற கையிலிருந்து, அதைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் என்ற கம்பியைக் கழற்றிவிடுங்கள். இப்போது அமைப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சக்கரங்களைக் கையால் பிடித்து இடவலமாகத் தள்ளிப் பாருங்கள். தள்ள முடியாத அளவு இறுகியிருந்தால் கிங் பின், அதன் கீழ் எடையைத் தாங்கும் திரஸ்ட் பேரிங், இரு முன் சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு என்ற கம்பியின் முனைகள் ஆகியவற்றில் ஒன்று. கிரீஸ் நிப்பிளில் கிரீஸ் ஏற்றும்போது பழைய கிரீஸ் வெளியே பிதுங்க வேண்டும். பிதுங்கவில்லை என்றால் வழி அடைத்துக்கொண்டிருக்கிறது, கிரீஸ் போய்ச் சேரவே இல்லை. சக்கரங்கள் லேசாக நகர்ந்து, டிராக் லிங்க் கழற்றிய நிலையிலும் ஸ்டீயரிங் இறுக்கமாக இருந்தால் பார்வையை மேல்நோக்கித் திருப்புங்கள்: பாக்ஸ் அல்லது ஸ்டீயரிங் தண்டு கோணம் மாறும் இடத்தில் உள்ள இணைப்பான யுனிவர்சல் ஜாயின்ட். மழைநீரும் சேறும் படும் இடத்தில் இருக்கும் அந்தச் சிறிய ஜாயின்ட் துருப்பிடித்து இறுகினால், ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் கனத்து இரண்டு இடங்களில் லேசாகும். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாமல் அப்படியே நிற்பதும் இந்தக் குடும்பத்துக் கோளாறுகளின் அடையாளம்.

இரும்பில் குறையில்லை என்று உறுதியான பிறகுதான் ஆயில் பக்கம் வர வேண்டும். உங்கள் விவரத்தில் 'சூடேறினால் மோசம்' என்ற தகவல் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் பம்ப்புக்குள் ஒரு சுழலியும் அதன் பள்ளங்களில் வெளியே நீண்டு உள்ளே போகும் தகடுகளும் இருக்கின்றன. அவை சுற்றுச்சுவரை உரசியபடி ஆயிலைத் தள்ளுகின்றன. ஐடிலிங்கில் (ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் ஓடும்போது) பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் அது தள்ளும் ஆயிலின் அளவு மிகக் குறைவு. ஆனால் நின்ற இடத்தில் ஒடிப்பதற்குத்தான் அதிக விசை வேண்டும். தேய்ந்த பம்ப்பில் ஆயில் இடுக்கு வழியாக உள்ளேயே கசிந்து திரும்பிவிடும். ஆயில் சூடேறி நீர்த்துப்போனால் இந்தக் கசிவு கூடும். அதனால்தான் குளிர்ந்த வண்டியில் தெரியாத கனம் சூட்டில் தெரிகிறது. ரேஸ் கொடுத்தால் லேசாகிவிடுகிறதா? அப்படியானால் பம்ப் தள்ளும் அளவு குறைந்திருக்கிறது, அல்லது பெல்ட் வழுக்குகிறது. ரேஸ் கொடுத்தும் மாறவில்லையென்றால் பாக்ஸுக்குள் கசிவு இருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கனக்கிறதென்றால் பம்ப்பை நிரபராதி என்று விட்டுவிடலாம். பம்ப்புக்கு இடதும் தெரியாது, வலதும் தெரியாது. கோளாறு பாக்ஸுக்குள் இருக்கும் வால்வில், அல்லது ஆயில் கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீலில்.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உட்புறம் கண்ணாடிபோல் மினுங்கினால், வெடித்திருந்தால், ஆயில் ஊறியிருந்தால் மாற்றிவிடுங்கள். முழுதாக ஒடிக்கும்போது கிறீச்சென்று கத்துவது பெல்ட். அதே இடத்தில் 'உஸ்' என்று சீறுவது அழுத்தம் கூடியதும் ஆயிலைத் திருப்பிவிடும் வால்வு. அந்தச் சீறல் இயல்பானதுதான்.

இப்போது முனகலுக்கு வருகிறேன். புதுப் பம்ப் சில வாரங்களில் முனகுகிறது என்றால், பம்ப் கெட்டதா என்று கேட்பதைவிட பம்ப்பைக் கெடுத்தது எது என்று கேட்பதே சரி. என் கணிப்பில் உங்கள் வண்டியின் மையப் பிரச்சினை இதுதான், எனவே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முனகலுக்கு முதல் காரணம் காற்று. வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் நுரைத்து, நிறம் வெளுத்து, சிறு குமிழிகளோடு இருந்தால் எங்கோ காற்று உள்ளே போகிறது. எங்கே? டப்பாவிலிருந்து பம்ப்புக்குப் போகும் உறிஞ்சு குழாயில்தான் முதலில் தேட வேண்டும். அந்தக் குழாயில் பம்ப் உறிஞ்சிக்கொண்டிருப்பதால், அங்கு ஓட்டை இருந்தால் ஆயில் வெளியே கசியாது; காற்று உள்ளே போகும். வெளியே ஈரமே இல்லாததால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கிளாம்ப் தளர்ந்திருக்கலாம், இணைப்பிலுள்ள ரப்பர் வளையமான ஓ ரிங் காய்ந்து வெடித்திருக்கலாம், பம்ப்பின் முன் சீல் தேய்ந்திருக்கலாம். இன்னொன்றும் உண்டு: பழைய ரப்பர் குழாய் சூட்டில் இளகி, பம்ப் உறிஞ்சும்போது உள்நோக்கிச் சப்பிப்போகும். எஞ்சின் ஓடும்போது ஒருவர் ரேஸ் கொடுக்க, இன்னொருவர் குழாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த இடத்தில் ரேடியேட்டர் குழாயை வெட்டி மாட்டியிருக்கும் வண்டிகள் ஏராளம். தண்ணீருக்கென்று செய்த ரப்பர் ஆயிலில் ஊறிக் கரையும். கரைந்த கருப்புத் தூள் நேராகப் பம்ப்புக்குள் போகும். ஆயில் உறிஞ்சுவதற்கென்றே செய்த குழாயைத்தான் மாட்ட வேண்டும்.

இரண்டாவது காரணம் அழுக்கு. பழைய பம்ப் தேய்ந்தபோது உதிர்ந்த இரும்புத் தூள் எங்கே போயிற்று? பாக்ஸ், குழாய், ஆயிலைக் குளிர்விக்கும் கூலர், டப்பாவின் அடி என எல்லா இடத்திலும் தங்கியிருக்கிறது. ஆயில் ஓடும் வழி முழுவதையும் அலசாமல் புதுப் பம்ப்பை மாட்டினால், பழைய பம்ப்பின் தூளே புதுப் பம்ப்பை அரைத்துவிடும். பல டப்பாக்களின் அடியில் சல்லடை ஒன்று இருக்கும், கனரக லாரிகளில் மாற்றக்கூடிய ஃபில்டரே இருக்கும். அதை வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அடைத்த சல்லடை வழியாகப் பம்ப்புக்குப் போதிய ஆயில் கிடைக்காது, அது காற்றில்லாமலே முனகும். டப்பா நிரம்பியிருந்தும் பம்ப் பட்டினி கிடக்கும் இந்த நிலையைத்தான் 'பம்ப் சரியில்லை, டூப்ளிகேட் சாமான்' என்று சொல்லி மறுபடி பம்ப் விற்கிறார்கள்.

வடித்த ஆயிலை வீசிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிக் காந்தத்தை ஓடவிடுங்கள். காந்தத்தில் ஒட்டும் நுண்தூள் பம்ப்பின் உட்பாகங்களிலிருந்தோ பாக்ஸின் பேரிங்குகளிலிருந்தோ வந்த எஃகு. மினுங்கியும் ஒட்டாமல் இருப்பது அலுமினியம், பெரும்பாலும் பம்ப்பின் உடல். கருப்பாக, விரலில் நசுங்குவது ரப்பர். ஏதோ ஒரு குழாய் உள்ளே உரிகிறது. ஆயில் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் அது வெகுநாள் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. பால் கலந்ததுபோல் வெளுத்து, நிறுத்தி வைத்தும் தெளியவில்லை என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

அலசும் முறை இப்படி. முன் சக்கரங்கள் தூக்கிய நிலையிலேயே இருக்கட்டும். டப்பாவுக்குத் திரும்பி வரும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள், டப்பாவில் அந்த வாயை அடைத்துவிடுங்கள். சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள், ஃபில்டர் இருந்தால் மாற்றுங்கள். புது ஆயிலை நிரப்பி, ஒருவர் எஞ்சினைச் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டு ஸ்டீயரிங்கை மெதுவாக இருபுறமும் சுற்ற, மற்றவர் டப்பா வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றும் முன் எஞ்சினை நிறுத்தி, நிரப்பி, மறுபடி தொடங்குங்கள். வாளியில் விழுவது ஊற்றிய நிறத்திலேயே விழும்வரை செய்யுங்கள். ஆயில் வீணாகிறதே என்று பாதியில் நிறுத்துபவர்கள்தான் மூன்றாவது பம்ப்பும் வாங்குகிறார்கள்.

எந்த ஆயில் என்பதை டப்பாவின் மூடியிலோ கையேட்டிலோ பாருங்கள். சில லாரிகளுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், சிலவற்றுக்குத் தனி ஹைட்ராலிக் ஆயில், சில கனரக லாரிகளுக்கு எஞ்சின் ஆயிலே. நிறத்தைப் பார்த்து ஊற்றக் கூடாது, இரண்டைக் கலக்கவும் கூடாது. பிரேக் ஆயில் ஒரு துளி கூட இதில் போகக் கூடாது. அது இங்குள்ள சீல்களை ஊறவைத்துக் கெடுத்துவிடும்.

காற்றை வெளியேற்றுவதில் பொறுமையின்மைதான் எதிரி. எஞ்சினை ஓடவிடாமல், சக்கரங்கள் தூக்கியிருக்க, ஸ்டீயரிங்கைக் கோடிக்குக் கோடி மெதுவாக இருபது முறையாவது சுற்றுங்கள். இடையிடையே ஆயிலை நிரப்புங்கள். குமிழிகள் நின்ற பிறகே எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். நுரை வந்தால் நிறுத்திவிட்டு, நுரை அடங்கும்வரை காத்திருங்கள். நுரையோடு ரேஸ் கொடுத்தால் காற்று இன்னும் நுண்ணிய குமிழிகளாக உடைந்து ஆயிலோடு கலந்துவிடும், பிறகு வெளியேற நெடுநேரமாகும். எந்த நிலையிலும் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். அப்போது பம்ப்பின் முழு ஆற்றலும் சூடாக மாறி ஆயிலில் இறங்குகிறது. ஆயில் 120 டிகிரி செல்சியஸை நெருங்கினால் சீல்கள் கெட்டிப்படத் தொடங்கும்.

அலசி, காற்றை எடுத்த பிறகும் சூட்டில் கனம் தொடர்ந்தால் அழுத்தமானி வைத்துச் சோதிப்பதுதான் நேர்மையான வழி. பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே, அடைப்பு வால்வோடு கூடிய அழுத்தமானியை இணைப்பார்கள். அது 200 பார் (அழுத்தத்தின் அலகு) அளவு வரையாவது காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். சிறிய லாரிகளின் பம்ப்புகள் பெரும்பாலும் 80 முதல் 100 பார் வரை தரும், கனரக லாரிகளில் 150 பாரைத் தாண்டும். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். ஆயிலைச் சூடேற்றி, வால்வை ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் மூடிப் பார்த்தால் பம்ப் தனியாக எவ்வளவு தருகிறது என்று தெரியும். குறித்த அளவு வந்தால் பம்ப் நல்லது. பிறகு வால்வைத் திறந்து ஸ்டீயரிங்கை முழுதாக ஒடியுங்கள். அழுத்தம் அதே அளவுக்கு ஏறாமல் பாதியில் நின்றால் பாக்ஸுக்குள் கசிவு. ஆனால் ஒடிக்கும் கோடியில் அழுத்தத்தைக் குறைக்கும் லிமிட் வால்வு உள்ள பாக்ஸாக இருந்தால், அது திறந்து ஏமாற்றிவிடும். அப்படிப்பட்டதில் சக்கரம் ஒடியும் எல்லையில் தடுத்து நிறுத்தும் அச்சின் ஸ்டாப்பருக்கு இடையே எஃகுக் கட்டை வைத்து, கோடிக்கு முன்பே சக்கரத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும். கட்டை வைக்கும்போது விரல் அங்கே இருக்கக் கூடாது. ஸ்டீயரிங்கைத் தொடாமல் விட்டிருக்கும்போதே அழுத்தம் வழக்கத்துக்கு மேல் நின்றால், திரும்பும் குழாய் அல்லது கூலர் அடைத்திருக்கிறது. உங்கள் இரு மெக்கானிக்குகளின் சண்டையை இந்த ஒரு சோதனை அரை மணி நேரத்தில் தீர்த்துவிடும். இதைச் செய்யாமல் பாக்ஸைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஆயில் அளவு குறைகிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. குறைந்தால் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, ஓட்டிவிட்டு, ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானதைப் பாருங்கள். கீழே சொட்டும் இடம் பெரும்பாலும் ஆயில் வழிந்து வந்து சேர்ந்த இடம்தான், கசியும் இடமல்ல. அழுத்தக் குழாயில் கசிவைத் தேட விரலை வைத்துத் தடவாதீர்கள், அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள். நூலிழை போன்ற பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் அளவு ஆபத்தானது. வெளியே எங்கும் கசிவே இல்லாமல் ஆயில் குறைந்தால், பம்ப் பெல்ட்டில் ஓடுகிறதா எஞ்சின் கியரில் ஓடுகிறதா என்று பாருங்கள். கியரில் ஓடும் பம்ப்பின் தண்டு சீல் போனால் ஸ்டீயரிங் ஆயில் எஞ்சினுக்குள் போய்விடும். சீலை ஊதவைத்துக் கசிவை நிறுத்தும் டப்பா மருந்துகள் விற்கிறார்கள். பயணத்தின் நடுவில் வீடு போய்ச் சேர உதவலாம், அதைத் தாண்டி நான் அவற்றை நம்புவதில்லை.

சில வண்டிகளில் பிரேக் உதவியும் இதே பம்ப்பிலிருந்து போகும். ஸ்டீயரிங்கோடு பிரேக் பெடலும் கனமாகிவிட்டதென்றால் மேலே சொன்ன எதையும் ஓட்டிப் பார்த்துச் சோதிக்க வேண்டாம், வண்டியை நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஆட்டம். இதற்கும் ஆயிலுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. லாரியை இறக்கி, சக்கரங்கள் தரையில் இருக்க, எஞ்சின் ஓட, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிதளவு இடவலமாக ஆட்டிக்கொண்டே இருக்கட்டும். நீங்கள் வெளியிலிருந்து, சக்கரத்தின் பாதையில் இல்லாமல், ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத இடம்தான் ஆட்டத்தின் இடம். யுனிவர்சல் ஜாயின்ட், பிட்மன் ஆர்ம், டிராக் லிங்க் முனைகள், டை ராடு முனைகள், பிறகு கிங் பின். பாக்ஸே சேசிஸின் மேல் நகர்கிறதா என்பதைத் தவறாமல் பாருங்கள்; போல்ட் தளர்ந்திருக்கலாம், பழைய லாரியில் அந்த இடத்தில் சேசிஸே வெடித்திருக்கலாம். வெடிப்பு இருந்தால் வேறு எந்த வேலையும் அதற்குப் பிறகுதான்.

எல்லா இணைப்பும் சரி, பாக்ஸுக்குள்தான் ஆட்டம் என்றால், பாக்ஸின் மேல் இருக்கும், உள்ளே பற்களின் இடைவெளியைச் சரிசெய்யும் செக்டர் ஸ்க்ரூவை முறுக்கும் சபலம் வரும். ஐந்து நிமிட வேலை, ஸ்பேனர் ஒன்று போதும். ஆனால் இந்தப் பாக்ஸ் சரியாக நடுநிலையில் மட்டும் சற்று இறுக்கமாகவும் இருபுறமும் சற்றுத் தளர்வாகவும் செய்யப்பட்டது. யாரோ டிராக் லிங்கின் நீளத்தை மாற்றி வைத்திருந்தால், வண்டி நேராகப் போகும்போது பாக்ஸ் நடுவில் இருக்காது. தளர்வான பகுதியில் நின்று ஆட்டம் காட்டும். அங்கே வைத்து ஸ்க்ரூவை முறுக்கினால், நடுநிலைக்கு வரும்போது பற்கள் ஒன்றோடொன்று நெரிபடும், திரும்பி வரும் தன்மையும் போய்விடும். எனவே டிராக் லிங்கைக் கழற்றி, கோடிக்குக் கோடி எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதிக்குக் கொண்டுவந்து, அந்த நடுவில் வைத்துத்தான் லாக் நட்டைத் தளர்த்த வேண்டும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கி, நடுவைக் கடக்கும்போது கையில் லேசான இறுக்கம் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் ஆட்டம் நீடித்தால் உள்ளே பற்களோ பேரிங் குண்டுகளோ தேய்ந்திருக்கின்றன, ஸ்க்ரூவால் அதைத் தீர்க்க முடியாது.

அப்போது பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்வதா, மாற்றுவதா? பிட்மன் ஆர்ம் மாட்டியிருக்கும் செக்டர் தண்டின் சீல் படும் இடத்தில் துரு அரித்துக் குழி விழுந்திருந்தால் சீல் செட் மட்டும் போடுவது பணவிரயம், மறுபடி கசியும். தண்டு வழவழப்பாக இருந்து சீல்கள் மட்டும் போயிருந்தால் பிரித்துச் சரிசெய்யலாம். எதைச் செய்தாலும் பிட்மன் ஆர்மையும் தண்டையும் கழற்றும் முன் அவற்றின் குறிகள் நேருக்கு நேர் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பல் தள்ளி மாட்டினால் ஒரு பக்கம் முழுதாக ஒடியாது. பாக்ஸ் மாற்றிய பிறகு லிமிட் வால்வையும் அச்சின் ஸ்டாப்பருக்கு ஏற்ப அமைக்க வேண்டும். பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் இருபுறமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் லேசாக இருந்து கோடியை நெருங்கும்போது மட்டும் கனத்தால், அந்த வால்வு முன்கூட்டியே திறக்கிறது. அதைத் திருத்தித் தரச் சொல்லுங்கள், அதற்காகப் பாக்ஸை மறுபடி இறக்க விடாதீர்கள்.